தவறணை: கடைக்காரர் வைத்த பெயரும் ஊர் வைத்த பெயரும்

இந்த வாரம் ஒரு கடையின் பெயரைப் பற்றிப் பேசப் போகின்றோம். கடை என்றால் புத்தகக் கடையன்று, குடிக்கிற கடை. இலக்கியத் தொடரில் இதற்கென்ன வேலை என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். சங்கப் புலவர்கள் சுளிக்காத முகத்தை நாம் சுளிக்க வேண்டியதில்லை. வானொலியில் பத்து நிமிடத்துக்குள் அடங்காமற்போன சில செய்திகளையும் எழுத்தில் சேர்த்திருக்கின்றேன்.

தவறணை என்ற சொல்லை யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அறிவர். கள்ளுத் தவறணை, சாராயத் தவறணை என்று ஊருக்கு ஊர் சொல்வோம். வகுப்பிலே இந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டும்படி கேட்டால், கெட்டிக்கார மாணவன் ஒருவன் தயங்காமல் தவறு கூட்டல் அணை என்பான். தவறு வந்து அணைகின்ற இடம், அல்லது தவறுகின்றவரை அணைத்துக்கொள்கின்ற இடம்! புணர்ச்சி விதி பொருந்தாவிட்டாலும் கற்பனைக்கு இரண்டு புள்ளி கொடுக்கலாம். உண்மையில் இது தமிழ்ச் சொல்லே அன்று. போர்த்துக்கேய மொழியில் தவேர்ணா என்பது குடிக்கடையைக் குறிக்கும். அதுவே எங்கள் நாவிலே வகரமும் றகரமும் இடம்பிடித்துத் தவறணையாயிற்று. சிங்களத்திலும் இதே இனச்சொல் தெபேரும என்று உருத்திரிந்து வழங்குகின்றது. இலத்தீனிலே இதன் தாய்ச்சொல்லுக்குப் பலகையால் அடித்த குடில் அல்லது கடை என்று பொருள். அந்தக் குடிலின் குறுமை வடிவமாகிய சிறு கூடாரம் என்ற சொல்லிலிருந்துதான் கத்தோலிக்க ஆலயங்களிலுள்ள நற்கருணைப் பேழைக்கு மேனாட்டார் வழங்கும் பெயரும் பிறந்தது. ஒரே வேரிலிருந்து ஒரு கிளை பீடத்துக்கும் மறுகிளை கள்ளுக் கொட்டிலுக்கும் போயிருக்கின்றது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது ஆண்டு ஆட்சிகூட முழுமையாக இல்லை. அவர்கள் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் இடித்து வேறு கோட்டை கட்டினார்கள். ஆனால் அவர்களுடைய தளபாடங்களை எவராலும் எங்கள் வீட்டிலிருந்து அகற்ற முடியவில்லை. மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி, யன்னல், கோப்பை, பீரிஸ் எல்லாம் அவர்கள் மொழி தந்தவை. (சாவியும் அவர்கள் தந்ததே. தமிழ்நாட்டார் அதை வைத்துக்கொண்டார்கள். நாங்கள் மட்டும் திறப்பு என்று தமிழிலேயே திறக்கின்றோம்.) ஊரைவிட்டுத் தொலைதூரம் வந்த ஒரு படைவீரன் மாலையில் உட்கார்ந்து குடிப்பதற்கு ஓரிடம் தேடியிருப்பான். தன் ஊரில் அத்தகைய இடத்துக்கு என்ன பெயரோ அதையே இங்கும் சொல்லியிருப்பான். அவன் சொன்னது நானூறு ஆண்டாக நிலைத்துவிட்டது. அவனை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஆயினும் ஒரு வேடிக்கை. கடைக்குப் பெயர் அந்நியமாயிற்றே தவிர, உள்ளே நடந்தவை எல்லாம் எங்களுடையவையாகவே இருந்தன. கள் முட்டியில் வந்தது. குடிப்பதற்குப் பனையோலையைக் கோலி முடிந்த பிளா இருந்தது. புளிக்காத கள்ளுக்குக் கருப்பநீர் என்றும், புளிக்காமலிருக்க முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவதென்றும் எல்லாவற்றுக்கும் சொல்லும் முறையும் ஏற்கெனவே உண்டு. கோப்பை என்ற சொல்லைக் கடன் வாங்கிய யாழ்ப்பாணத்தவன் கள்ளை மட்டும் கோப்பையில் ஊற்றிக் குடிக்கவில்லை. பிளாவுக்கு இரண்டாவது தவணை கழுவுதலும் இல்லை, எறிந்துவிடலாம்.

போர்த்துக்கேயருக்கு முன்னே எங்களுக்குக் குடிக்கடை இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருந்தது. கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி என்று பானத்துக்கு எத்தனையோ பெயர்களை வைத்திருந்த சங்கத் தமிழர் விற்கும் இடத்துக்கு எப்படி அடையாளம் வைத்தார்கள் என்பதுதான் சுவையான கேள்வி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை வரிசைப்படுத்துகின்றார். கோயில் வாசற் கொடி, வாதுக்கு அழைக்கும் கல்வியிற் சிறந்த ஆசிரியர்களின் கொடி, துறையில் அசையும் கப்பற் கொடி என்று அடுக்கிவந்து, மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை கேட்கும் முற்றத்திலே, மணல் பரப்பி மலர் தூவிய வாசலில் கள் விற்பதை அறிவிக்கும் கொடியையும் அதே வரிசையில் வைக்கின்றார். ஆசிரியர் கொடிக்கும் கள்ளுக்கடைக் கொடிக்கும் ஒரே வரிசையில் இடம். என் தொழிலுக்கு இது பெருமையா சிறுமையா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

ஏன் கொடி? வாசிக்கத் தெரியாதவர்களுக்காக என்று மட்டும் நினைத்துவிடக்கூடாது. அந்தப் பட்டினத்திலே வேறு வேறு மொழி பேசும் வேற்று நாட்டவர் கலந்து வாழ்ந்தார்கள் என்று அதே பாட்டுச் சொல்கின்றது. சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்திலும் யவனர் இருக்கைகள் உண்டு. அதே பாக்கத்தில் கள் விற்கும் பெண்களும் உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதைக் காட்டுகின்றார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக்கடற் சாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. மதுவும் ஆளும் அங்குமிங்கும் போய்வந்த துறைமுகம் அது. அங்கே தமிழ் தெரியாத மாலுமிக்கும் விளங்கக்கூடிய பெயர்ப்பலகை கொடி ஒன்றுதான். கொடிக்கு மொழி இல்லை.

இத்தனையையும் நான் தேடிப்பார்க்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் ஆசிரியர்களிடம் பிள்ளைக்குப் பெயர் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். நட்சத்திரத்துக்குரிய எழுத்தைச் சொல்லி, தூய தமிழிலும் வேண்டும், வெளிநாட்டார் வாயிலும் நுழையவேண்டும், ஊரில் வேறு எவருக்கும் இருக்கவும் கூடாது என்பார்கள். அண்மையில் பரிஸ் புறநகரொன்றிலிருந்து பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். "சேர், ஒரு பேர் சொல்லுங்கோ. பிள்ளைக்கில்லை, கடைக்கு" என்றார். என்ன கடையென்று கேட்டேன். சிறிது மௌனத்தின்பின், "சின்னதா ஒரு பார் சேர்" என்றார்.

பார் என்பது தமிழில் உலகத்தையும் குறிக்கும், காண் என்ற ஏவலையும் குறிக்கும் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பத்தாண்டுக்கு மேல் பிறருடைய உணவகங்களில் கோப்பை கழுவிச் சேர்த்த பணத்தை அவர் முதலாக இறக்கியிருந்தார். "வெளிநாட்டிலை கோப்பை கழுவுறான்" என்பது எங்கள் ஊரில் ஏளனத்துக்கும் பெருமூச்சுக்கும் பொதுவான வாக்கியம். ஐரோப்பியன் கொண்டுவந்த சொல்லோடு ஐரோப்பாவுக்கே போய் அதைக் கழுவியவர்களின் கதை புலம்பெயர் இலக்கியத்திலே நிறைய உண்டு. கழுவியவர் கடை திறக்கும் கதை குறைவு.

பிரான்சில் பார் திறப்பது எளிதன்று. சாராய வகைகளையும் விற்பதற்கு நான்காம் வகை உத்தரவுப்பத்திரம் என்று ஒன்று தேவை. அதைப் பொதுவாகப் புதிதாக வழங்குவதில்லை. ஏற்கெனவே உள்ள ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கவேண்டும். கடை நடத்துபவர் இருபது மணிநேரப் பயிற்சிக்குப் போய்ச் சான்று பெறவேண்டும். பாடசாலை முதலியவற்றுக்கு அருகே திறக்கத் தடையுள்ள வட்டாரங்களும் உண்டு. உத்தரவுப்பத்திரம் பழையது என்றால் பெரும்பாலும் கடையும் பழையது, வாடிக்கையாளரும் பழையவர்கள், மேலே தொங்கும் பெயரும் பழையது. அதை மாற்றுவதா விடுவதா என்பதே அவருடைய கேள்வி. மாற்றினால் வழக்கமாக வருகின்ற கிழவர்கள் வராமற்போகலாம். மாற்றாவிட்டால் தன் உழைப்பின்மேல் இன்னொருவன் பெயர் தொங்கும்.

அவர் இருக்கும் நகரத்திலேயே இந்தக் கேள்விக்குப் பழைய விடைகள் உண்டு. 1871இல் அல்சாஸ் மாநிலத்தைச் செர்மனி எடுத்துக்கொண்டபின் அங்கிருந்து வந்தவர்களில் ஒருவர் லெயொனார் லிப். 1880இல் மனைவியோடு பரிஸில் ஒரு பியர்க் கடை திறந்தார். ஊரை விட்டு வந்தவர் என்ன பெயர் வைப்பார்? ரைன் நதிக்கரைக் கடை என்று தம் ஊர் ஆற்றின் பெயரை வைத்தார். கடல் கடந்த எங்கள் ஆள் ஒருவர் கீரிமலை என்றோ வல்லிபுரம் என்றோ பலகை எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஆனால் செர்மானியர்மீது பிரெஞ்சு மக்களுக்கு வெறுப்பு மூண்ட காலத்தில் ரைன் என்ற பெயர் எதிரியின் பெயராகக் கேட்டது. பெயரை மாற்றினார்கள். உரிமையாளரின் பெயராகிய லிப் முன்னுக்கு வந்து, இன்றுவரை சான் ஜெர்மான் வீதியில் அதுவே நிலைத்திருக்கின்றது. இத்தனைக்கும் அவர் செர்மானியரிடமிருந்து ஓடிவந்தவர்.

இதே நகரத்தில் மற்றொரு கடை. தொட் ஸ்லோன் என்ற அமெரிக்கக் குதிரையோட்டி 1911இல் நியூயோர்க் பார் என்று ஒன்றைத் திறந்தார். நியூயோர்க்கில் இருந்த ஒரு பாரின் மரவேலைகளைக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து அப்படியே பொருத்தினார்கள். ஊரைப் பிரிந்தவனுடைய ஏக்கத்துக்கு இதைவிட நேரான மருந்து கிடையாது: ஊரையே பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவது! 1923இல் அங்கே மது கலந்தவராகிய ஸ்கொட்லாந்துக்காரர் ஹரி மக்கெல்ஹோன் கடையை வாங்கித் தம் பெயரை முன்னே சேர்த்தார். ஹரியின் நியூயோர்க் பார் ஆயிற்று. வருகின்ற அமெரிக்கருக்குப் பிரெஞ்சு தெரியாது. டோனு வீதி ஐந்தாம் இலக்கம் என்று வாடகைக்கார் ஓட்டுநரிடம் அவர்களால் சொல்ல முடியாது. எனவே அந்த முகவரியின் பிரெஞ்சு ஒலியை அர்த்தமில்லாத ஆங்கிலச் சொற்களாக உடைத்து, இதை அப்படியே வாசியுங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். எங்களவர்கள் லா ஷப்பல் என்ற பகுதியை லாச்சப்பல் ஆக்கிக்கொண்டதற்கு ஒரு நூற்றாண்டு மூத்த உறவு இது. லா ஷப்பல் என்றால் சிறு கோயில். எங்கள் மாணிக்கப்பிள்ளையார் ஊர்வலம் போகும் வீதிகள் அதன் பக்கத்திலேயே இருக்கின்றன.

மூன்றாவது உதாரணம் வினோதமானது. 1942இல் வெளிவந்த கசபிளாங்கா என்ற புகழ்பெற்ற படத்திலே, மொறொக்கோவில் றிக் என்ற அமெரிக்கர் ஒரு மதுச்சாலை நடத்துகின்றார். போருக்குத் தப்பிய அகதிகள், படையதிகாரிகள், கடவுச்சீட்டுக் கள்ளர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். அந்தப் படம் தழுவிய நாடகத்தின் பெயரே எல்லோரும் றிக்கிடம் வருகிறார்கள் என்று பொருள்படுவது. படம் ஏறக்குறைய முழுவதும் அமெரிக்க ஸ்ரூடியோவில் எடுக்கப்பட்டது. அப்படியொரு கடை கசபிளாங்காவில் இருந்ததில்லை. அங்கே அமெரிக்கத் தூதரகப் பணியில் இருந்த கத்தி கிரிகர் என்ற பெண்மணி வேலையை விட்டு, நண்பர்களிடம் பணம் திரட்டி, பழைய நகரின் மதிலோடு ஒட்டிய ஒரு வீட்டை வாங்கி, 2004இல் றிக்கின் கபே என்று அதே பெயரில் ஒன்றைத் திறந்தார். இல்லாத கடையின் பெயரை இருக்கும் கடைக்கு வைத்தார். 2018இல் அவர் காலமானார். பெயர் அவருடையதாக ஒருபோதும் இருக்கவில்லை என்பதால் கடைக்கு அதனால் பெரிய குழப்பமும் இல்லை.

மாணவருக்கு நான் சொல்லத் தொடங்கிய பெயர்களுக்கு வருகின்றேன். அவர் இரண்டு நிபந்தனை வைத்தார்: தமிழாக இருக்கவேண்டும், பிரெஞ்சுக்காரன் வாயில் சிதையக்கூடாது. பனை என்றேன். இதைவிட யாழ்ப்பாணத்துக்குப் பொருத்தமான பெயர் எது? அவர் சிரித்துவிட்டார். அந்த எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் பனே என்று வாசிப்பார்களாம். பனே என்றால் கரட் குடும்பத்து வெள்ளைக் கிழங்கு ஒன்றாம். பனையிலிருந்து கிழங்கு வருவது எங்களுக்குப் புதிதல்லவே என்றேன். அது எடுபடவில்லை. சரி, பிளா என்றேன். அதுவும் அங்கே ஒரு சொல்லாம்: ஒரு வேளை உணவில் முக்கியமான கறிவகை வைத்த தட்டை அப்படித்தான் சொல்வார்களாம். சாப்பாட்டுக் கடையென்று நினைத்து வந்துவிடுவார்கள். கள் என்றால் கப்பலின் அடிக்கிடங்கு. அப்படியான கிடங்கில் ஒளிந்து கரைசேர்ந்தவர்களும் எங்களில் உண்டு என்பதால் அதை நாங்கள் இருவருமே விரைவாகக் கடந்துவிட்டோம். தேறல் என்றால் முதலெழுத்திலேயே தேநீர் வந்துவிடுகின்றது. சங்க நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு இருபது ஆண்டு கற்பித்தவனுக்குப் பிரெஞ்சுச் செவியொன்று ஒரு மணிநேரத்தில் இத்தனை பாடம் புகட்டியது.

தெய்வப் பெயர் வைக்கலாமா என்றும் கேட்டார். அதற்கு மட்டும் நான் இடங்கொடுக்கவில்லை. சைவக் கல்லூரி ஆசிரியன் மதுச்சாலைக்குப் பெயர் சொல்வதே சிலருக்கு உறுத்தும். எனக்கும் உறுத்தாமல் இல்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வைத்தவர். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது மதுவிலக்கையும் வற்புறுத்திப் பேசினார். குடியால் கெட்ட குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கின்றார்கள், இன்றும் இருக்கின்றார்கள். ஆனால் கள் இறக்கிப் பிழைத்த சமூகத்தை இழித்துக்கொண்டே கள்ளைக் குடித்த ஊர் இது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெயர்ப்பலகை என்பது யாரை உள்ளே விடுகின்றது என்பதையும் சொல்கின்றது. ஆங்கிலேயர் தங்கள் குடிக்கடையைப் பப் என்று சுருக்கிச் சொல்வது பொதுவீடு என்ற தொடரைத்தான். எங்களிடமும் பொதுவில் என்றும் பொதியில் என்றும் ஊர் மன்றத்துக்குப் பழம்பெயர் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் எல்லாம் பொதுவாக இருக்கவில்லை. சிலருக்கு வெளியே, சிலருக்குச் சிரட்டையில். 1957இல் சட்டம் வந்தும் போதவில்லை. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலமும் அதன்பின் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் வேண்டியிருந்தன. தமிழ்நாட்டில் 1957இல் உணவகப் பலகைகளில் இருந்த பிராமணாள் என்ற சொல்லை அகற்றும்படி பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னே கிளர்ச்சி நடத்தினார். பலகையிலுள்ள ஒரு சொல்லுக்காகச் சிறைக்குப் போனவர்களும் இருந்தார்கள்.

பலகை ஆபத்தும் ஆகும். சுருட்டுக்கடையும் பலசரக்குக் கடையும் வைத்துத் தென்னிலங்கை ஊர்களிலே தனியாளாக வாழ்ந்த யாழ்ப்பாண வணிகர்கள் எங்கள் முந்திய தலைமுறையில் ஏராளம். அவர்களும் ஒருவகையில் வேற்றூரில் கடை திறந்தவர்களே. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் படுத்துறங்கி, ஆண்டுக்கு இரண்டு தடவை ஊருக்கு வந்துபோனவர்கள். 1958இல் சிறீ எழுத்துப் பிரச்சினை மூண்டபோது தெற்கே கடைப்பலகைகளின் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். தாசி விட்டாச்சி என்ற சிங்களப் பத்திரிகையாளர் எமர்ஜென்சி 58 என்ற நூலில் அந்த நாட்களைப் பதிந்திருக்கின்றார். 1983 யூலையில் தார் போதவில்லை, நெருப்பு வைத்தார்கள். அந்த வாரத்தில் ஒரு கடைக்கு என்ன பெயர் எழுதியிருந்தது என்பது முதலாளியின் உயிரைத் தீர்மானித்தது. லிப் தம் ஆற்றின் பெயரை இழந்தார். கடையையாவது காப்பாற்றிக்கொண்டார்.

இதனாலேயே வெளிநாட்டில் தமிழ்ப் பெயர் எழுதப்பட்ட ஒரு பலகையைப் படத்தில் கண்டால் எங்கள் மூத்தவர்கள் சிலர் கண்கலங்குகின்றார்கள். புலம்பெயர்ந்தவர்களுக்கு ஊர்ப்பெருமை அதிகம் என்று கேலி பேசுபவர்கள் அந்தத் தாரின் மணத்தை அறியாதவர்கள்.

ஆனாலும் பலகையில் எழுதுவது ஒன்று, வாய்கள் வழங்குவது இன்னொன்று. தமிழ்நாடு மாநில விற்பனைக் கழகம் என்ற அரச நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. 2003இல் மதுவின் சில்லறை விற்பனையையும் அதுவே ஏற்றது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்த டாஸ்மாக் இன்று தமிழ்ப் பொதுப்பெயராகிவிட்டது. நகைச்சுவைக்கும் பாட்டுக்கும் கதைக்கும் அது போதிய அளவு பயன்படுகின்றது. எந்தப் புலவரும் அந்தச் சொல்லைப் படைக்கவில்லை. எங்கள் ஊரிலும் கள் விற்பனை பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களிடம் போனபின் அவற்றின் நீண்ட பெயரைப் பலகைகள் தாங்கின. அந்தப் பலகையைப் பார்த்து எவரும் உள்ளே போனதில்லை. போனவர்கள் தவறணைக்குப் போனார்கள்.

வார்த்தைகள் எதிர்த்திசையிலும் போகின்றன. எங்கள் ஆப்பத்தை இலங்கை ஆங்கிலேயர் ஹொப்பர் ஆக்கினார்கள். 1886இல் வெளிவந்த ஹொப்சன் ஜொப்சன் அகராதி அதைத் தமிழ் ஆப்பத்திலிருந்தே வருவிக்கின்றது. 2015இல் இலண்டன் சோஹோ பகுதியில் இலங்கை, தமிழ்நாட்டு உணவு தரும் கடையொன்று ஹொப்பர்ஸ் என்ற பெயரோடு திறந்தது. திறந்தவர்கள் தமிழருமல்லர், சிங்களவருமல்லர். சேத்தி என்ற வட இந்தியக் குடும்பத்தார். வாசலில் வரிசையில் நிற்கும் இலண்டன் இளைஞனுக்கு அந்தப் பெயருக்குள் ஆப்பம் இருக்கின்றதென்று தெரியவேண்டிய அவசியமில்லை. கள்ளுக்குப் போனவனுக்குத் தவறணைக்குள் போர்த்துக்கல் இருந்தது தெரிந்ததா?

மாணவர் கடைசியில் பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டார். பலகை மாற்றும் செலவும் ஒரு காரணம். பழைய வாடிக்கையாளர் அந்தப் பெயரைச் சொல்வதில்லையாம். இன்னாரிடம் போவோம் என்று கடைக்காரரின் பெயரால் சொல்வது பிரெஞ்சு வழக்கம். அவருடைய நீண்ட பெயரிலிருந்து முதல் இரண்டெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அவரிடம் போவோம் என்கிறார்களாம். வேலை முடிந்து பின்னேரம் வருகின்ற எங்கள் பொடியளோ அந்தப் பெயர் இரண்டையும் விட்டுவிட்டு, தவறணைக்குப் போவம் என்கிறார்களாம்.

சென்ற மாதம் மறுபடி பேசினார். கட்டட வேலை செய்யும் போர்த்துக்கேயர் ஒருவர் நாள்தோறும் வந்து கோப்பி குடிப்பவராம். பொடியளின் பேச்சு நடுவே இந்தச் சொல் திரும்பத் திரும்ப விழுவதைக் கேட்டு, "இது எங்கள் சொல்லல்லவா, உங்களிடம் எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கின்றார். மாணவருக்கு 1619 என்ற ஆண்டு நினைவிருந்தது. மிகுதியை என்னிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கின்றார். அந்த மிகுதியைத்தான் இந்த வாரம் உங்களோடும் பகிர்ந்துகொண்டேன். அவர் கேட்ட மற்றக் கேள்விக்கு இன்னும் விடை எழுதவில்லை: கண்ணாடிக் கதவில் சிறிதாக எழுதுவதென்றால், எங்கள் றகரத்தையும் ணகரத்தையும் பிரெஞ்சு எழுத்தில் எப்படிக் காட்டுவது?